சிகிச்சை முடிந்தது, பிரச்னை முடிந்ததா?

பிளவக்கல்லிலிருந்து வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வழியாக மதுரைக்குப் போய், மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சு எடுத்துத் திரும்புகிறவரிடம் என்ன சொல்லி அனுப்ப வேண்டும்? முடி கொட்டும், வாந்தி வரும்... அவ்வளவு போதுமா?

மின்கம்பிக்கு மேலுறை மாதிரி நரம்பிழைக்கு மயலின். அந்த உறையை உண்டாக்கும் செல்களையும் கதிர்வீச்சு தாக்கும். எல்லோருக்கும் பாதிப்பு வராது. சிகிச்சை முடிந்து 6 மாதத்துக்குள் உறை தேய்ந்து வரும் தூக்கமும் மறதியும் பெரும்பாலும் தானாகவே சரியாகும். அதற்குப் பின், சில வருடங்கள் கழித்துக்கூட வரும் சேதம் பெரும்பாலும் மீளாது. இது தெரியாத வீட்டில் "சோம்பேறி ஆயிட்டான்" என்று திட்டுவார்கள். இல்லை, கட்டி திரும்பிவிட்டது என்று அழுவார்கள்.

மருத்துவர்களுக்கு இது பழைய செய்தி. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் தடுப்பாகத் தலையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். படிப்பும் ஞாபகமும் கெடுவதைப் பார்த்து, பெரும்பாலானோருக்கு அதை நிறுத்தினார்கள்.

"சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். கதிர்வீச்சு வேண்டாம் என்று யார் சொன்னது? கையெழுத்து வாங்கும் முன் தமிழில் ஒரு தாள் கொடுங்கள்: என்ன வரலாம், எப்போது வரலாம், எது வந்தால் உடனே திரும்பி வர வேண்டும். மூளை அவருடையது சார்!