பள்ளிகொள்ளும் பாலகர்கள்

சேர்வராயன் மலைத்தொடரில், ஏற்காட்டைச் சேர்ந்த சிற்றூர்களுள் ஒன்று மாரமங்கலம். காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த இந்த மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயர் அவ்வாறு இருப்பினும் அவர்கள் பேசும் மொழி தமிழே. மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. 5,326 அடி உயரச் சிகரத்தில், குகைக்குள் காவேரி அம்மனுடன் எழுந்தருளியிருக்கும் சேர்வராயரே அவர்களுடைய குலதெய்வம். மே மாதத் திருவிழாவின்போது பாட்டனார் தோளிலும், தாயின் இடுப்பிலும், தந்தையின் கழுத்தைச் சுற்றிக் கால் தொங்கவிட்டும் உறங்கியபடியே மலையேறி வரும் குழந்தைகள் எத்தனையோ பேர்! மேளம் முழங்கினாலும் அவர்கள் விழிப்பதில்லை.

குழந்தை உறங்கும் கோலம் ஒவ்வொன்றும் ஒரு வேடிக்கை. முழங்கால்களை வயிற்றின்கீழ் மடக்கி, பின்புறத்தை உயர்த்தி, தவளை போல் கிடக்கும் ஒரு குழந்தை. வில்லாளியைப் போல் ஒரு கையை நீட்டி மறுகையை மடக்கிப் படுக்கும் மற்றொன்று. இரவில் கிழக்கே தலை வைத்துப் படுக்கவைத்த பிள்ளை விடியலில் மேற்கே தலையும், தந்தையின் முகத்தில் காலுமாகக் கிடக்கும். தூக்கத்தில் சிரித்தால் தெய்வம் பூக்காட்டுகிறது என்றும், உதடு பிதுக்கி விம்மினால் நரி மிரட்டுகிறது என்றும் பாட்டிமார் கூறுவர். பச்சிளங்குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழ பாதி, கண்கள் இமைக்குள் அசையும் கனவுநிலை உறக்கம் என்பது மருத்துவர் கூற்று. சிரிப்பும் விம்மலும் கை கால் துடிப்பும் அந்நிலையில் தோன்றுபவை.

இக்கோலங்களைக் கண்டு களிப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசையும் ஐந்தாம் மாதக் கோலத்திற்கு அப்பெயரிட்டு அதனைப் பாடவும் செய்தனர். தால் என்பதோ தாலாட்டுக்குரிய பருவம். பெரியாழ்வார் தம்மை யசோதையாகவே எண்ணிக் கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடினார்.

இறைவன் பள்ளிகொள்ளும் கோலங்களும் எத்தனை வகை! ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் ஆலிலையில் துயிலும் வடபத்ரசாயி. திருப்புல்லாணியில் தருப்பைப் புல்லின்மேல் இராமபிரான். கடல்மல்லையில் ஆதிசேடனும் இல்லாமல் வெறுந்தரையில் பள்ளிகொண்ட தலசயனப் பெருமாள். கும்பகோணத்தில் திருமழிசையாழ்வாருக்காகச் சற்றே எழ முற்பட்ட உத்தான சயனம். காஞ்சி திருவெஃகாவில், அதே ஆழ்வார் சொல்லுக்கு இணங்கி எழுந்து சென்று திரும்பியவன், வழக்கத்திற்கு மாறாகத் திசை மாறிக் கிடக்கிறான். ஆதனூரிலும் திருக்கோளூரிலும் மரக்காலே அவனுக்குத் தலையணை. விடியலில் தலைமாடும் கால்மாடும் மாறிக் கிடக்கும் பேரனைக் கண்டு பாட்டி, "சாமி, நீ திருவெஃகாப் பெருமாளா?" என்று கேட்பதில் பிழை ஏதுமில்லை.

விலங்குகளின் உறக்கமும் இவ்வாறே வியப்புக்குரியது. மலைக்குளிரில் நாய் மூக்கை வாலுக்குள் புதைத்துச் சுருள்கிறது. சுருண்டால் காற்றுப்படும் பரப்பு குறைந்து உடற்சூடு காக்கப்படுகிறது. கோடையில் அதே நாய் மல்லாந்து வயிற்றைக் காட்டிப் படுக்கும். மயிர் குறைந்த வயிற்றின் வழியே வெப்பம் வெளியேறும். பகைவர் இல்லை என்ற நம்பிக்கை இருந்தாலன்றி எவ்விலங்கும் வயிற்றைத் திறந்து உறங்காது. கிளையில் அமர்ந்த பறவை உறக்கத்தில் விழுவதில்லை. கால் மடங்கியதும் நரம்பு இழுபட்டு விரல்கள் கிளையைத் தாமே பற்றிக்கொள்கின்றன. குதிரை நின்றபடியே கண்ணயரும். எனினும் கனவுநிலை உறக்கத்திற்கு அதுவும் படுத்தாக வேண்டும். போட்ஸ்வானா நாட்டுக் காட்டில் இரு பெண் யானைகளைக் கண்காணித்த ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. அவை நாளொன்றுக்குச் சராசரியாக 2 மணி நேரமே உறங்கின. அதுவும் பெரும்பாலும் நின்றபடியே.

பசுவோ நந்தியெம்பெருமான் அமர்ந்த கோலத்தில், கால்களை மடக்கி மார்பின்மேல் படுத்து, சில வேளை தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்து உறங்கும். சிற்பிகள் மாட்டுக்கொட்டிலை நன்கு பார்த்தவர்கள். அசைபோடும் விலங்குக்கு இதுவே ஏற்ற நிலை. பக்கவாட்டில் நெடுநேரம் சாய்ந்து கிடந்தால் இரைப்பையில் சேரும் வாயு ஏப்பமாக வெளியேற வழியின்றி வயிறு உப்பிவிடும். அவ்வாறு கிடக்கும் மாட்டைக் கண்டால் உழவர் பதறி எழுப்புவர். கன்று ஈன்ற பசு தலையை விலாவில் சாய்த்து, காது குளிர்ந்து, எழ இயலாமல் கிடந்தால் அது உறக்கமன்று. சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் பால் காய்ச்சல் அது. கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். கோலத்தைப் பார்த்தே நலத்தையும் நலக்கேட்டையும் பிரித்தறியும் கண் மாடு வளர்ப்போர்க்கு உண்டு.

அந்தக் கண் நம் வீட்டுத் தொட்டிலுக்கும் வேண்டும்.

மாரமங்கலத்தில் ஓர் இல்லம். தலைப்பிரசவம் முடிந்து மருமகள் வந்து ஐம்பது நாள். கைக்குழந்தை மல்லாந்து படுத்தால் அடிக்கடி திடுக்கிட்டுக் கைகளை விரித்து விழித்துக்கொள்கிறது. பாட்டி அதனை எடுத்துக் குப்புறக் கிடத்தி, கம்பளியால் போர்த்தி, முதுகில் தட்டுகிறாள். மூன்று மணி நேரம் அசையாத உறக்கம். மருமகளுக்கு மனம் கேட்கவில்லை.

"அத்தை, மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க."

"உன் வீட்டுக்காரனை நான் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தேன் கண்ணு. மல்லாக்கப் படுத்தா கக்குற பால் மூக்கில ஏறிடும்."

இருவர் சொல்லிலும் இருப்பது அன்பே. ஆயினும் இவ்விடத்தில் மருமகளின் சொல்லே சரி.

குப்புறப் படுத்த சிசு ஆழ்ந்து உறங்குகிறது என்பது மெய். அந்த ஆழமே ஆபத்து. துணியில் முகம் புதைந்தால் தான் வெளிவிட்ட மூச்சையே திரும்ப உள்ளிழுக்கும். மூச்சுத் திணறினாலும் விழித்துக்கொள்ளும் திறன் அப்போது குறைந்திருக்கும். நல்ல உடல்நலத்துடன் இருந்த குழந்தை காரணமின்றி உறக்கத்திலேயே இறந்துபோவதை மேலைநாட்டார் தொட்டில் மரணம் என்பர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992இல் சிசுக்களைக் குப்புறக் கிடத்த வேண்டா என்று அறிவுறுத்தியது. 1994இல் மல்லாந்து படுக்கவைக்கும் இயக்கம் அந்நாடெங்கும் தொடங்கிற்று. அதன்பின் இவ்வகை இறப்புகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. விலையுயர்ந்த மருந்தோ கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை. குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்ததே போதுமாயிற்று.

பால் மூக்கில் ஏறும் என்ற அச்சத்திற்கும் விடை உண்டு. குழந்தை மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக அமைகின்றன. கக்கிய பால் மேல்நோக்கி ஏறி மூச்சுக்குழலை அடைவது அரிது. குப்புறப் படுத்தாலோ நிலை தலைகீழாகிறது. பால் கொடுத்தபின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச்செய்து, பிறகு படுக்கவைத்தால் போதும்.

இன்னும் சில உண்டு. ஓராண்டு நிறையும்வரை தலையணை வேண்டா. தலை உருண்டையாக அமைய வேண்டுமென்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டா. படுக்கை சமமாகவும் அழுந்தாததாகவும் இருக்கட்டும். மலைக்குளிருக்குக் கம்பளி தேவையே. ஆனால் முகத்தை மூடலாகாது, அளவுக்கு மீறிச் சுற்றி வியர்க்கவிடலும் ஆகாது. பெரியவர்களின் போர்வைக்குள் சிசுவை இட்டுக்கொள்ள வேண்டா. அறையில் புகையிலைப் புகை கூடாது. தூளியில் இடும்போது மோவாய் மார்பில் அழுந்தாமல், முகம் வெளியே தெரிய, ஒருவர் கண்பார்வையில் இருத்தல் வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு மோவாய் அழுந்தினாலே மூச்சு குறுகும்.

குப்புறக் கிடக்கும் இன்பத்தைக் குழந்தைக்கு முற்றிலும் மறுக்க வேண்டுவதில்லை. விழித்து விளையாடும் வேளையில், பெரியவர் அருகிருக்க, அவ்வாறு கிடத்தலாம். கழுத்தும் தோளும் வலுப்பெற அதுவே பயிற்சி. செங்கீரைக்கு அதுவே தொடக்கம். பிறகு ஒருநாள் தானே குப்புற விழும். பல இல்லங்களில் பலகாரம் செய்து அதனைக் கொண்டாடுவர். இருபுறமும் தானே புரளக் கற்ற குழந்தையை இரவெல்லாம் காத்திருந்து திருப்ப வேண்டியதில்லை. ஆயினும் படுக்கவைக்கும்போது மல்லாக்கவே கிடத்த வேண்டும். தவளைக் கோலமும் தலைகீழ்க் கோலமும் அதன்பின் அக்குழந்தை தானே அமைத்துக்கொள்ளும் திருவிளையாடல்கள்.

மாரமங்கலத்துப் பாட்டி தன் மகனை வளர்த்த முறை அந்நாளில் பலரும் அறிந்திருந்த முறை. அதற்காக அவள் நாண வேண்டியதில்லை. அன்று அறியாததை இன்று அறிந்து, பேரனுக்காகத் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளும் பாட்டியே பெரியவள். ஆழ்வாரின் ஒரு சொல்லுக்காகப் பெருமாளே தன் படுக்கையின் திசையை மாற்றிக்கொண்டான் அல்லவா? மருமகள் சொல்லுக்குச் செவிசாய்த்து ஒரு சிசுவைத் திருப்பிக் கிடத்துவது அத்தனை அரிய செயலன்று.

ஆலிலைப் பாலகனும் மல்லாந்துதான் கிடக்கிறான். கால் விரலை வாயில் வைத்து, வானம் பார்த்து, மூச்சுக்குத் தடையின்றி.