நின்ற கடிகாரம் தேவலை

2012 நவம்பர் 19. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் ‘டிக்’, ‘டாக்’ என்ற இரண்டு நேர சர்வர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் இது 2000ஆம் ஆண்டு என்று சொல்லத் தொடங்கின. சுமார் ஒரு மணி நேரத்தில் தவறு சரிசெய்யப்பட்டது. அதற்குள் அவற்றை மட்டுமே நம்பியிருந்த நெட்வொர்க்குகள் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னுக்குப் போய்விட்டன. விண்டோஸ் நெட்வொர்க்குகளில் லாகின் ஆகவில்லை. அங்கே ஆளை அடையாளம் பார்க்கும் கெர்பரோஸ் முறை, இரண்டு கணினிகளுக்கிடையே வழக்கமாக ஐந்து நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுக்கும்.

அந்த சர்வர்கள் செத்துப்போயிருந்தால் இவ்வளவு கூத்து நடந்திருக்காது. அவை உடனுக்குடன், தயக்கமே இல்லாமல் பதில் சொன்னதுதான் வினை.

இதற்கு ஒரு தடுப்பு ஏற்கெனவே உண்டு. வந்த நேரத்துக்கும் தன் நேரத்துக்கும் 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால், கணினிக்காக நெட்வொர்க் வழியே நேரம் கேட்டுப் பெறும் என்டிபி நிரல் எதையும் மாற்றாமல் தானே நின்றுவிடும். ஆனால் இயந்திரம் தொடங்கும்போது மட்டும் எவ்வளவு வித்தியாசமானாலும் ஒருமுறை ஏற்றுக்கொள் என்று கட்டளையில் ‘-ஜி’ சேர்த்துவைப்பது பரவலான வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் ரீபூட் ஆன கணினிக்கு, கேட்க வேறு ஆளும் இல்லையென்றால், 2000ஆம் ஆண்டை விழுங்குவதைத் தவிர வழியில்லை.

நேர மூலம் ஊமையானால் நடப்பது இதைவிட மெதுவானது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்துக்கொண்டிருக்கிறது. அது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகினால், ஒரு நாளைக்கு 0.86 விநாடி வழுவும். தன் படிகம் எவ்வளவு பிசகும் என்பதை என்டிபி நிரல் கணக்கிட்டு, ஒரே ஒரு எண்ணாக ‘டிரிஃப்ட்’ கோப்பில் மணிக்கொருமுறை எழுதிவைக்கிறது. தொடர்பு அறுந்தால் அந்த எண்ணை வைத்துத் தன்னைத் தானே திருத்திக்கொண்டு ஓடும். சர்வர் அறையில் ஏசி நின்று வெப்பம் ஏறினால் படிகத்தின் துடிப்பு மாறும், எண்ணும் பழசாகிவிடும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டிய இடங்களில் ருபிடியம் அணுக்கடிகாரம் வைப்பது அதனால்தான்.

வெளியுலகத் தொடர்பே அறுந்த நெட்வொர்க்கில் சரியான மணியைவிட ஒரே மணி முக்கியம். முன்பெல்லாம் நிர்வாகிகள் சர்வரின் சொந்தக் கடிகாரத்தையே நேர மூலமாக அறிவித்துவிடுவார்கள். இரண்டு சர்வர்களில் அப்படிச் செய்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் பக்கம் இழுக்கும். பின்னர் வந்த ‘ஆர்ஃபன் மோடு’ இதைத் தீர்த்தது: தனித்துவிடப்பட்ட சர்வர்கள் தங்களுக்குள் ஒன்றைத் தலையாக ஏற்று மற்றவை அதன் பின்னால் போகின்றன. மணி தப்பாகவே இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே தப்பு.

பொய்யைப் பிடிக்க வழி வாக்கெடுப்புதான். பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த டேவிட் மில்ஸ் 1985இல் வரையறுத்த என்டிபி, காலப்போக்கில் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத பொய்க்கடிகாரங்களை ஒதுக்கக் கற்றுக்கொண்டது. இரண்டு மூலங்கள் முரண்பட்டால் யார் சொல்வது சரி என்று தெரியாது. மூன்று இருந்தால் தெரியும். நான்கு இருந்தால் ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும். 2024 ஜனவரியில் மில்ஸ் காலமானார். இன்றும் பல அலுவலகங்களில் ஒற்றை சர்வர் முகவரிதான் கான்ஃபிகரேஷனில் உட்கார்ந்திருக்கிறது.

நான்கு வைத்தாலும் போதாது என்று 2016 ஜனவரி 26 காட்டியது. பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றைச் சேவையிலிருந்து விலக்கியபோது தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் பிசகியது. பல செயற்கைக்கோள்கள் உலக நேரத்தோடு 13 மைக்ரோ விநாடி வித்தியாசப்பட்ட தகவலை மணிக்கணக்கில் பரப்பின. வரைபடங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை; இருப்பிடக் கணக்கில் அந்தத் தகவலுக்கு வேலையில்லை. இருந்திருந்தால் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளிப்போயிருக்கும். பிரிட்டனில் பிபிசியின் டிஜிட்டல் வானொலி தடுமாறியது. ஒரு நிறுவனம் நான்கு சர்வர்களைக் கேட்கலாம். நான்குமே ஜிபிஎஸ்ஸிடம் கேட்டுச் சொல்பவை என்றால், அது ஒரே மேல்நிலைத் தொட்டியில் மாட்டிய நான்கு குழாய்தான்.

கூகுள் இதை முன்பே யோசித்திருந்தது. 2012இல் அது விவரித்த ஸ்பேனர் தரவுத்தளத்துக்கு, தரவு மையங்களில் ஜிபிஎஸ் ஏற்பிகளோடு அணுக்கடிகாரங்களும் உண்டு. இரண்டும் வெவ்வேறு விதமாகப் பழுதாகும் என்பதே காரணம். அதைவிட அழகான ஏற்பாடு இன்னொன்று: அங்கே ‘மணி என்ன?’ என்று கேட்டால் ஒரு கணம் பதிலாக வராது. இந்தக் கணத்துக்கும் அந்தக் கணத்துக்கும் நடுவில் என்று இரண்டு எல்லைகள் வரும். அடுத்த ஒத்திசைவு வரும்வரை அந்த இடைவெளி விநாடிக்கு 200 மைக்ரோ விநாடி வீதம் விரிகிறது. பரிவர்த்தனை அந்தச் சந்தேகம் தீரும்வரை காத்திருக்கும். மூலத்தை இழந்த சர்வர் பொய் சொல்லாது, தாமதப்படுத்தும்.

ஒரே வகை மாற்றுகளின் பலவீனத்தை இஸ்ரோவும் விலைகொடுத்துக் கற்றது. 2013இல் ஏவிய ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோளில் ஒன்று போனால் இன்னொன்று என மூன்று ருபிடியம் கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் பழுதாயின. மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவியதில் வெப்பக் கவசம் பிரியவில்லை. 2018 ஏப்ரலில்தான் அடுத்தது போய்ச் சேர்ந்தது. 2023இல் ஏவிய என்விஎஸ்-01இல் உள்நாட்டு ருபிடியம் கடிகாரம் இருக்கிறது.

இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அவசர உதவி அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு கணினிகளை ஒத்திசைக்கச் சொல்கிறது. இணையத் தாக்குதலை விசாரிக்கும்போது எல்லாருடைய லாக்கும் ஒரே மணியில் இருக்க வேண்டும்; நியாயம்தான். எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்பதற்கு அதில் பதில் இருக்கிறது. அது பிசகும் நாளில் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்ய வேண்டும். ஆடிட்டர்கள் சர்வர் முகவரியைச் சரிபார்த்து டிக் போடுவதோடு இதையும் கேட்கலாம்: மொட்டைமாடி ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிளைச் சனிக்கிழமை கழற்றிவிட்டால் திங்கட்கிழமை காலைக்குள் எந்த இயந்திரம் எவ்வளவு வழுவும்? கழற்றிப் பார்த்ததுண்டா?