பொது மேசைக்கு எழுதப்பட்ட விதி வேண்டும்

சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட அரசின் 'முதல்வர் படைப்பகம்' வரவேற்கத்தக்க முயற்சி. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத மாணவருக்கும், அலுவலகம் வாடகைக்கு எடுக்க முடியாத சிறு தொழில்முனைவோருக்கும் குறைந்த கட்டணத்தில் மேசையும் இணையமும் அங்கே கிடைக்கின்றன. தனியார் நடத்தும் கோ-ஒர்க்கிங் கூடங்களும் பெருகிவருகின்றன. ஆனால், முன்பின் தெரியாதவர்கள் அருகருகே அமர்ந்து வேலை செய்யும் இந்தக் கூடங்களில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு?

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியை மையமாக வைத்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் நிறுவனத்திலேயே புகார்க் குழு. குறைந்தால் மாவட்ட அளவிலான குழு. பகிர்ந்துகொள்ளும் கூடத்திலோ பலருக்கு முதலாளியே கிடையாது. தனியாகத் தொழில் செய்யும் ஒரு பெண்ணிடம் பக்கத்து மேசைக்காரர் அத்துமீறினால், இருவருக்கும் பொதுவான நிர்வாகம் கூடத்தை நடத்துபவர் மட்டுமே. அவரோ, "நாங்கள் இடம்தான் தருகிறோம்" என்று ஒதுங்கிவிட முடிகிறது. காவல் நிலையம் வரை போகத் தயங்கும் பெண் அடுத்த மாதம் சந்தா கட்டாமல் விலகிக்கொள்வார். புகாரே வரவில்லை என்று கூடத்தின் பதிவேடு சொல்லும்.

சத்தமில்லாமல் நடக்கும் விலக்கல்களும் உண்டு. பொதுச் சாப்பாட்டு அறையில் அசைவம் கூடாது என்று எழுதி ஒட்டினால், யாருடைய உணவு இரண்டாம் தரம் என்று சொல்லியாகிவிட்டது. வாசலில் மூன்று படி, சாய்தளம் இல்லை என்றால் சக்கர நாற்காலியில் வருபவருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். இன்னும் சாய்தளத்தைக் கேட்டுப் பெறவேண்டியிருப்பது வெட்கக்கேடு.

விதிகள் போட்டால் சுதந்திரம் போய்விடும் என்பார்கள். ஆனால், எழுதாத விதி எப்போதும் வலுத்தவர் பக்கமே சாயும். பிடிக்காதவர் வேறு இடம் பார்க்கட்டும் என்பதும், பணம் இருப்பவருக்கு மட்டுமே பொருந்தும் வாதம்.

அரசு தன் கூடத்திலிருந்தே தொடங்கட்டும். பயன்படுத்துவோரையும் சேர்த்துக்கொண்டு விதிகளை எழுதி, தமிழில் சுவரில் ஒட்ட வேண்டும். வெளியாள் ஒருவரும், பாதிக்குக் குறையாமல் பெண்களும் உள்ள புகார்க் குழு வேண்டும். எவரையும் வெளியேற்றுமுன் எழுத்தில் காரணம் தரவேண்டும். தனியார் கூடங்களுக்குத் தொழில் உரிமம் வழங்கும் உள்ளாட்சி அமைப்புகள் இதே ஏற்பாட்டை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். அடுத்த கூடத்தைத் திறக்க நாள் குறிக்குமுன் அரசு இதைச் செய்யட்டும்.