அறுகு இருக்க அயற்புல் ஏன்?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் தொழிற்சாலைகள் பெருகியதை அடுத்துப் புதிய வீட்டு மனைகளும் பெருகிவருகின்றன. வீடு கட்டி முடிந்து, வாசலில் சிறிது இடம் மிஞ்சினால், அங்கே புல்தரை ஒன்று அமைக்க வேண்டும் என்ற ஆசை பிறப்பது இயற்கையே. ஆசை நியாயமானதுந்தான். சிமெண்டுத் தரை பகல் வெயிலை எல்லாம் விழுங்கி இரவு முழுவதும் கக்கும். புல்லோ தான் விடும் நீராவியால் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும். ஓடி விழும் குழந்தையின் முழங்காலையும் காப்பாற்றும்.

ஆனால், விதையை யோசிக்கும் முன்பு ஜலத்தை யோசிப்பது நலம். இரண்டரை சென்ட், அதாவது சுமார் 100 சதுர மீட்டர் நிலத்தில் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் 500 லிட்டர் செலவாகிறது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கத்தார் வகுத்துள்ள அளவு. ஆகவே, தினந்தோறும் நீர் கேட்கும் புல்தரை, வீட்டில் சம்பளமின்றித் தங்கிய நான்கு விருந்தாளிகளுக்குச் சமானம்!

இந்தக் கணக்கு நம் பகுதிக்கு மிகவும் முக்கியம். சென்னை நகரின் தாகத்தைத் தீர்க்க 1960-களின் இறுதி தொட்டு மீஞ்சூர், பஞ்சேட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் நிலத்தடி நீர் ஏராளமாக இறைக்கப்பட்டது. அதன் பலனாக மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. இனித்த கிணறுகள் உப்புக் கரித்தன. இப்படிப்பட்ட நாட்டில் நமக்கு வேண்டியது, மழையை நம்பி வாழ்ந்து, கோடையைப் பொறுத்துக்கொள்ளும் புல்.

கடைகளில் அழகிய படம் போட்ட விதைப் பைகள் கிடைக்கின்றன. அவற்றுள் ‘கென்டக்கி புளூகிராஸ்’, ‘ரைகிராஸ்’ என்னும் பெயர் கொண்டவை குளிர் தேசத்துப் புற்கள். நம் மார்கழியில் தலைகாட்டினாலும், 40 டிகிரியைத் தொடும் வைகாசி வெயிலில் அவை கருகிப்போகும். ‘பெர்முடா’ என்று எழுதிய பை இருந்தால், அதை அயலான் என்று எண்ண வேண்டாம். பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அறுகுதான் அது. வெளிநாடு சென்று தொப்பி அணிந்து திரும்பியிருக்கிறது! சாஸ்திரிகள் அதை ‘சைனோடான் டாக்டிலான்’ என்பர். 1753-ல் லின்னேயஸ் இதனை வேறோர் இனத்தில் சேர்த்து வைத்தார். 1805-ல் பெர்சூன் இப்போதைய இனத்துக்கு மாற்றினார்.

ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த, அறுகும் ஆப்பிரிக்கப் புல் ஒன்றும் கலந்து பிறந்த ‘டிஃப்வே’ போன்ற கலப்பினங்கள் முளைக்கும் விதை தருவதில்லை. தண்டு நட்டே அவற்றைப் பரப்ப வேண்டும். அப்பெயரில் விதை விற்பவரிடம் பணத்தை நீட்டாதிருப்பது உத்தமம்.

விதைக்கும் காலம் எது? ஆடிப்பட்டம் நெல்லுக்கும் காய்கறிக்கும் மட்டும் உரியதன்று. அறுகு விதை மணலினும் சற்றே பெரியது. ஐப்பசிப் பெருமழையில் தெருவுக்கு ஓடிவிடும். ஆடி, ஆவணியில் மாலை மழைகளை நம்பி விதைத்தால், பெருமழை வருமுன் வேர் பிடித்துக்கொள்ளும்.

முதலில் அரை அடி ஆழம் கொத்தி, கட்டட வேலையில் புதைந்த செங்கல், சுண்ணாம்புக் கட்டிகளையும் கோரைக் கிழங்கையும் பொறுக்கி எறிய வேண்டும். பிறகு நீர் தெளித்து இரண்டு வாரம் காத்திருந்தால், ஒளிந்திருந்த களைகள் தாமே முளைத்துக் காட்டிக் கொடுக்கும், அவற்றையும் களைந்துவிடலாம். மக்கிய தொழு உரம் கலந்து, வீட்டுப் பக்கம் நீர் தேங்காதபடி வெளிப்புறம் சற்றே சரிவாக மட்டம் செய்க. 100 சதுர மீட்டருக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை விதை போதும். அதை நாலைந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து, பாதியை வடக்கு தெற்காகவும், மறுபாதியைக் கிழக்கு மேற்காகவும் தூவினால் திட்டுத் திட்டாக முளைக்காது. மண்ணை மெல்லக் கீறி, கால் அங்குலத்துக்கு மேல் புதையாமல் மூடி, பலகையால் அழுத்துக. மேலே வைக்கோலை மெல்லியதாகப் பரப்பிப் பூவாளியால் ஈரம் காக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் பசுமை தெரியும்.

விதை கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வரப்போரத்து அறுகின் தண்டை மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, நாலு அங்குல இடைவெளியில் ஊன்றினாலும் போதும். மாமர நிழலில் மட்டும் அறுகை வற்புறுத்தல் வீண். அது சூரியனின் சிநேகிதன். காய்கறிப் பாத்தி அருகில் இருந்தால், இடையே ஆழமாகக் கல் பதித்து எல்லை கட்டிவிடுவதும் அவசியம். இல்லையேல் கத்தரியின் வீட்டிலும் அறுகே குடியேறிவிடும்.

முளைத்தபின் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதை விட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை ஆழ நனைப்பதே முறை. அப்போதுதான் வேர் கீழ்நோக்கிச் செல்லும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது.

சித்திரை வைகாசியில் புல் பழுப்பேறினால் இல்லத்தார் பதறுவார்கள். உடனே மோட்டாரை முடுக்குவார்கள். அவசியமில்லை. அறுகு சாகவில்லை, மண்ணுக்கடியில் தண்டை வைத்துக்கொண்டு உறங்குகிறது. முதல் மழையில் தானே கண் விழிக்கும். அரிசி களைந்த நீர் மிச்சமிருந்தால் அதற்கு ஊற்றலாம்; கிணற்று நீரைக் குடிக்க வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் பழுத்திருக்கும் புல்தரையைக் கண்டு அண்டை வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் குடிக்க வேண்டிய நீரையல்லவா நாம் மிச்சப்படுத்தியிருக்கிறோம்!