பேரிங் மேல எவ்வளவு பாரம்? பேரிங்கே சொல்லுமாம்!

கீழ்பென்னாத்தூர் பக்கம் ரைஸ் மில் மோட்டார் சத்தம் மாறினால், மெக்கானிக் பேரிங் மேல ஸ்க்ரூடிரைவரை வச்சு காதைக் கொடுப்பார். கோளாறு தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் தேய்மானம் தொடங்கியிருக்கும். அதிர்வு சென்சாரும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் உஷாராகிறது. பாரம் அதிகமாகும்போதே தெரிந்தால்?

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேரிங்கையே சென்சாராக்கப் பார்க்கிறார்கள். பேரிங் சுழலும்போது எஃகு குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ஆயில் படலம் உருவாகும். தடிமன் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கீழே. இரண்டு பக்கமும் உலோகம், நடுவில் மின்சாரம் கடத்தாத ஆயில்... ஆமாம், ஸ்கூல்ல படிச்ச கெப்பாசிட்டரேதான்!

பாரம் ஏறினால் குண்டு லேசாக நசுங்கி, தொடும் பரப்பு விரியும். இதற்கு 1880-களிலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஹெர்ட்ஸ் (ரேடியோ அலை ஹெர்ட்ஸ்தான்). படலமும் கொஞ்சம் மெலியும். ஆக கெப்பாசிட்டன்ஸ் கூடும். அதை அளந்து பாரத்தைக் கணக்கிடலாம்.

சிக்கல் எங்கே? சூட்டில் ஆயில் இளகினாலும் படலம் மெலியும். வேகம் குறைந்தாலும் அப்படியே. வெப்பநிலையும் சுழற்சி வேகமும் தெரியாமல் கெப்பாசிட்டன்ஸை மட்டும் நம்பினால், சித்திரை வெயிலைக்கூட பாரம் என்று நினைத்துக்கொள்ளும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியிலோ உலோகம் உலோகத்தைத் தொடும். அப்போது கெப்பாசிட்டரே கிடையாது.

முப்பந்தல் காற்றாலை கியர்பாக்ஸ் மாதிரி, ஒரு பேரிங் போனால் கிரேன் வரைக்கும் செலவு இழுக்கிற இடங்களில்தான் இது முதலில் காசுக்குத் தகும்.