பேனலுக்குப் பட்டம் தெரியாது

"ஆட்டோமேஷன் வேலைக்குப் போகணும்னா பி.இ. முடிச்சே ஆகணும்." திருப்பூரிலும் பல்லடத்திலும் அவிநாசியிலும் பெற்றோர் இதைத் தீர்ப்பைப் போலச் சொல்கிறார்கள். தோட்டத்தை அடமானம் வைத்துக் கல்லூரியில் சீட் வாங்குகிறார்கள். ஐ.டி.ஐ.யில் சேர்ந்த பிள்ளையைப் பற்றிக் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. இந்த வட்டாரத்துக்கு அது கேடும் செய்கிறது.

சாயப்பட்டறைக்குள் வாருங்கள். சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் நூற்றுக்கணக்கான கிலோ பருத்தித் துணி ஓடுகிறது. 60 டிகிரிச் சூட்டில் சோடா கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். ஒரேயடியாக இறங்கினால் ஷேடு திட்டுத்திட்டாக விழும். மொத்த லாட்டும் நஷ்டம். அந்த நேரம் பார்த்து, திரையில் வெப்பநிலை எண் தாறுமாறாகத் துள்ளுகிறது. தேர்ந்த எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? பிடி-100 வெப்பநிலைச் சென்சாரின் வயரைக் கழற்றி மீட்டர் வைப்பார். அந்தச் சென்சார் 0 டிகிரியில் 100 ஓம் காட்டும். 60 டிகிரியில் ஏறக்குறைய 123 ஓம். கணக்கு சரியாக வந்தால் சென்சாரில் குற்றமில்லை. நீராவியில் அரித்துப்போன டெர்மினலைத் தேடிப் போவார். இதைக் கற்க நான்கு ஆண்டுக் கல்லூரி வேண்டியதில்லை. ஆனால் கற்றே ஆக வேண்டும்.

மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. பிறந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ரிலே பேனல்களுக்கு மாற்று கேட்டது. அப்படி வந்ததுதான் மோடிகான் 084. அதில் நிரல் எழுதும் லேடர் முறை, ரிலே வரைபடத்தின் சாயலிலேயே அமைந்தது. தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் பார்த்த உடனே புரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். யாருக்காக அந்த மொழி உண்டானதோ அவரையே இன்று வாசலில் நிறுத்திச் சான்றிதழ் கேட்கிறோம்.

நம் பக்கத்து ஊரான கோவையின் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். பேருந்து ஓட்டினார், மோட்டார் செய்தார், கருவிகள் கண்டுபிடித்தார். 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்கவும் காரணமாக இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடினார். அரசு ஏற்காதபோது கல்லூரிப் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் கல்வியை வெறுக்கவில்லை. வீணாகும் ஆண்டுகளைத்தான் வெறுத்தார்.

"அப்படியானால் படிப்பே வேண்டாமா?" இதுவும் தவறான கேள்விதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இங்கே பட்டறை ஓட்ட முடியாது என்றாயிற்று. ஆர்.ஓ., ஆவியாக்கி, பம்பு, வால்வு எல்லாம் கைகோத்து இரவுபகல் ஓடும் அந்த நிலையத்தை வடிவமைக்கக் கணிதமும் வேதியியலும் ஆழமாகத் தெரிய வேண்டும். நல்ல கல்லூரி அதைத் தரும். வெளிநாட்டு வேலைக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் பட்டம் உதவும். ஆனால் அது ஒரு வழி. ஒரே வழி அல்ல. ஐ.டி.ஐ. முடித்து, பேனல் கட்டும் இடத்தில் வேலை பழகி, டிப்ளமோ படித்து, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி தமிழ்நாட்டில் திறந்தே இருக்கிறது. எந்த வழியில் வந்தாலும் முழுதாகக் கற்றாக வேண்டும். அரைகுறையாகப் பழகியவரை 415 வோல்ட் பேனலில் கைவைக்க விடுவது உயிரோடு விளையாடுவது.

முதலாளிகளே, நேர்காணலை ஆபீஸ் அறையில் நடத்தாதீர்கள். பழுதான மோட்டார் டிரைவை முன்னால் வைத்து, "பழுதைக் கண்டுபிடி" என்று சொல்லுங்கள். கண்டுபிடித்தவருக்கு அந்த வேலைக்கு உரிய பதவியும் சம்பளமும் கொடுங்கள். பெற்றோரே, தோட்டத்தை எழுதிக்கொடுக்கும் முன், பிள்ளையின் கையில் ஒரு மீட்டரைக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கை எதைத் தேடுகிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.