குருவுக்கு ராஜா வைத்த கல்

தஞ்சாவூருக்கு வரும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளுக்கு ஒரே தடம்தான். பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால், நேரம் மிச்சமிருந்தால் கல்லணை. மன்னார்குடிப் பக்கத்து அரசுப் பள்ளியில் வரலாறு நடத்திய காலமெல்லாம் நானும் பிள்ளைகளை அந்தத் தடத்தில்தான் கூட்டிப்போனேன். அதில் இன்னோர் இடத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குத் தனியாக வண்டி பிடிக்க வேண்டியதில்லை. பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காவிலேயே இருக்கிறது, 1779-ல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம்.

ஒரு வருஷம் எங்கள் பேருந்து பஞ்சராகி நின்றபோதுதான் அதற்குள் போக வாய்த்தது. டிரைவர் ஸ்டெப்னி மாற்றி முடிக்கும்வரை பிள்ளைகளைப் பூங்காவில் விளையாட விட்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “டீச்சர், அங்க ஒரு பழைய சர்ச் இருக்கு. உள்ள போலாமா?” கதவு பூட்டியிருந்தது. அங்கிருந்த பெரியவர் ஒருவர் சாவி கொண்டுவந்து திறந்துவிட்டார்.

உள்ளே வெள்ளைப் பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம். கட்டிலில் ஒரு பாதிரியார் சாகக் கிடக்கிறார். தலைப்பாகை கட்டிய ராஜா அவர் கையைப் பிடித்திருக்கிறார். கூடவே அரண்மனை ஆட்கள், இன்னொரு பாதிரியார், கட்டிலோரம் சின்னப் பிள்ளைகள். அந்தப் பெண்ணின் கண் அந்தக் கைகளை விட்டு நகரவில்லை. “ராஜா எதுக்கு டீச்சர் ஃபாதர் கையப் பிடிச்சிருக்காரு? அவரும் கிறிஸ்டீனா?”

இல்லை. கடைசிவரை மதம் மாறாதவர், காசிக்கு யாத்திரை போய்வந்தவர், தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி. கட்டிலில் கிடப்பவர் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ். 1726-ல் பிரஷ்யாவில் பிறந்து, ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்கத் தொடங்கி, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். திருச்சியில் பல காலம் இருந்துவிட்டுத் தஞ்சைக்குக் குடிவந்தார். மைசூர் ஹைதர் அலியின் படையெடுப்பில் கோட்டைக்குள் நெல் இல்லாமல் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, இவர் வாக்கை நம்பித்தான் குடியானவர்கள் நெல் கொண்டுவந்தார்கள்.

1787-ல் தஞ்சை ராஜா துளஜா சாகும் தறுவாயில், தத்துப்பிள்ளை சரபோஜியைப் பார்த்துக்கொள்ளும்படி இவரிடம் ஒப்படைத்தார். ஆனால் அரியணை ஏறியது துளஜாவின் தம்பி அமர்சிங். பையனுக்கு அரண்மனையில் நெருக்கடி முற்றியதும் அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்து, தத்து செல்லும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வாதாடியவர் சுவார்ட்ஸ். 1798 பிப்ரவரியில் அவர் இறந்தார். அதே வருஷம் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி இந்தப் பளிங்கைச் செதுக்கச் செய்து, கப்பலில் வரவழைத்து இங்கே வைத்தார்.

பெரிய கோயில் திருச்சுற்றில் தன் போன்ஸ்லே வம்சத்தின் கதையை 1803-ல் மராத்தியில் நீளமான கல்வெட்டாகப் பொறித்ததும் இதே சரபோஜிதான். ஒரே ராஜா வைத்த இரண்டு கற்கள், நடந்துபோகிற தூரத்தில். ஒன்று அவர் யார் வம்சம் என்கிறது, மற்றது அவரை ஆளாக்கியது யார் என்கிறது. நாம் முதல் கல்லோடு பேருந்து ஏறிவிடுகிறோம்.

இதைச் சொன்னபோது, என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். “மதம் பரப்ப வந்தவரைப் பார்க்க நாம எதுக்கும்மா பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகணும்?” கேட்க வேண்டிய கேள்விதான். சுவார்ட்ஸ் மதம் பரப்ப வந்தவர், அதை ஒளித்தவரும் இல்லை. 1779-ல் கம்பெனியின் சென்னை அரசுக்குத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதரைச் சந்தித்தவரும் அவரே. அவர் யாருக்காக வாதாடினாரோ அந்த சரபோஜி, பட்டமேறிய மறு வருஷமே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நாட்டைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கையில் மிஞ்சியது கோட்டையும் பட்டமும்தான். துணைப்படைத் திட்டப் பாடத்தில் ‘தஞ்சாவூர், 1799’ என்று ஒரு வரி வரும். பிள்ளைகள் அதை மதிப்பெண்ணுக்காக உருப்போடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் இருந்த பாசம், நன்றி, அரசியல் கணக்கு எல்லாவற்றையும் இந்தப் பளிங்கின் முன்னால் நின்று சொல்லலாம். சுவார்ட்ஸைப் புகழ்ந்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரை விட்டுவிட்டு சரபோஜியின் கதையைச் சொல்ல முடியாது என்கிறேன்.

தமிழாசிரியர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர். குற்றாலக் குறவஞ்சி நடத்தும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

தேவாலயத்தை நிர்வகிப்பவர்கள் விடுமுறை நாட்களிலாவது குறித்த நேரத்தில் கதவைத் திறந்துவைக்க வேண்டும். சிற்பத்தில் இருப்பவர்கள் யார் என்று தமிழில் ஒரு பலகை போதும். சுற்றுலாத் துறை தன் வழிகாட்டிப் படங்களில் பெரிய கோயிலுக்கு அடுத்த எண்ணை இதற்குக் கொடுக்கலாம். ஆசிரியர்கள் கோயில் கல்வெட்டு, பூங்காத் தேவாலயம், சரசுவதி மகால் நூலகம் என்ற வரிசையில் கூட்டிப்போனால், நூலகத்துக்குள் நுழையும்போது அவை சரபோஜி சேர்த்த சுவடிகள் என்று பிள்ளைகளே சொல்வார்கள். தேவாலயத்துக்கு அதிகம் போனால் அரை மணி நேரம் ஆகும். கல்லணையை இன்னொரு வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.